ஓடைக்கு எந்த வலை?

ஆபீஸில் கூட வேலை பார்க்கிற மதுரைத் தம்பி ஒருவன் இந்த வசந்தத்தில் ஃப்ளை ஃபிஷிங், அதாவது கொக்கியில் கட்டிய போலி ஈயைப் போட்டு மீன் பிடிப்பது, பழக ஆரம்பித்திருக்கிறான். போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, ராடு வாங்கியாச்சு, ரீல் வாங்கியாச்சு, தண்ணியில இறங்கி நிக்கிற வேடர் கால்சட்டையும் வாங்கியாச்சு. இந்த வலை ஒண்ணு கட்டாயம் வேணுமா? எங்க ஊர் வாய்க்கால்ல நாங்க துண்டை விரிச்சே கெண்டை பிடிப்போம். இங்க இருக்கிற சாண் மீனைக் கையால பிடிக்க முடியாதா?" என்றான். சாப்பிட்டு முடிக்கிற வரை அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அப்படியும் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

துண்டில் விழுந்த கெண்டை அன்றைக்கே குழம்புக்குப் போய்விடும். அதன் மேல்தோல் உரிந்ததா, வால் கிழிந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் தேவையில்லை. நான் மீன் பிடிக்கிற பென்சில்வேனியாவின் ஸ்பிரிங் க்ரீக்கில் கதை வேறு. அந்த ஓடையில் ஒரு காலத்தில் கெப்போன், மைரெக்ஸ் என்ற நச்சு ரசாயனங்கள் கலந்துவிட்டன, அதனால் 1982 முதல் அங்கே பிடிக்கிற மீனை எடுத்துப் போகக் கூடாது என்று விதி. பண்ணை மீன்களைக் கொண்டுவந்து விடுவதும் நின்றுபோனது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்றால், அங்கேயே முட்டையிட்டு அங்கேயே வளர்கிற பிரவுன் ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீன் பெருகி, இன்றைக்கு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ட்ரவுட் தேடிப் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த ஓடையாக அது இருக்கிறது. அதாவது நான் இன்று தொடுகிற மீனை நேற்று இன்னொருவர் தொட்டிருப்பார், அடுத்த வாரம் வேறொருவர் தொடுவார். அது பிழைத்துக் கிடந்தால்தான் எங்கள் எல்லோருக்கும் ஓடை. வலை வாங்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். மீனை அள்ளி எடுக்க எந்த வலையும் போதும், முழுசாகத் திருப்பி அனுப்பத்தான் நல்ல வலை வேண்டும்.

எனக்கு இது தெரியவந்த விதம் நல்ல விதம் இல்லை. முதல் வருஷம் ஒரு பெரிய கடையில் போய், கண்ணில் பட்ட முதல் வலையை எடுத்துக்கொண்டு வந்தேன். அலுமினிய வளையம், பச்சை நைலான் பை, இருபது டாலருக்குள் விலை. பையின் கண்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன முடிச்சு. மே மாதம், சல்ஃபர் பூச்சிகள் தண்ணீரிலிருந்து எழும்புகிற சாயங்காலம், பன்னிரண்டு இன்ச் பிரவுன் ஒன்று மாட்டியது. அன்றைக்கு வரைக்கும் நான் பிடித்ததில் அதுதான் பெரிது. வலைக்குள் வந்ததும் ஒரு புரளு புரண்டது. வாயிலிருந்து கழன்ற கொக்கி ஒரு முடிச்சில் மாட்டிக்கொண்டது, லீடர் என்கிற நுனி நரம்பு மீனைச் சுற்றிக்கொண்டது, மேல் துடுப்பு ஒரு கண்ணுக்குள் நுழைந்து வெளியே வர முடியாமல் நின்றது. நான் ஒரு கையில் ராடை இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் சிக்கலை எடுக்கப் பார்த்தேன், வலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கித்தான் எடுக்க முடிந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். கடைசியில் மீனை விட்டபோது அதன் வால் துடுப்பு நுனியில் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், பச்சை முடிச்சுகள் மேலே அதன் வழும்பு காய்ந்து கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒட்டியிருந்தது. அந்த மீன் பிழைத்திருக்குமா என்று ராத்திரி ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வலையை அப்புறம் நான் எடுத்துப் போகவே இல்லை.

வழும்பு என்பது மீனுக்குச் சட்டை மாதிரி. ட்ரவுட்டின் செதில்கள் மிகப் பொடிசு, தடவினால் செதிலே இல்லாத மாதிரி இருக்கும். தண்ணீரிலிருக்கும் பூஞ்சையும் கிருமியும் உடம்பில் ஏறாமல் காப்பதில் இந்த வழும்புக்குப் பெரிய பங்கு. அது உரிந்த இடத்தில் பிறகு பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். ஓடையில் அப்படி ஒரு மீனைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. முடிச்சு வலை அரம் மாதிரி இந்த வழும்பை வழித்து எடுக்கிறது. இது வெறும் நம்பிக்கை இல்லை. 2003இல் வெளியான ஒரு கனடா ஆய்வில் ப்ளூகில் மீன்களை வைத்து நான்கு வகைப் பைகளைச் சோதித்தார்கள்: ரப்பர், முடிச்சில்லா நைலான், சின்னக் கண் முடிச்சு நைலான், பெரிய கண் முடிச்சு நைலான். முடிச்சுப் பைகளில்தான் துடுப்புக் கிழிசலும் வழும்பு இழப்பும் சாவும் கூடுதலாக இருந்தன. வலையே படாமல் விட்ட மீன்களில் ஒன்றும் சாகவில்லை. ப்ளூகில் வேறு, ட்ரவுட் வேறுதான், ஆனால் வழும்பும் துடுப்பும் இரண்டுக்கும் உண்டு.

ஆகவே பையைப் பார்த்து வலை வாங்குங்கள். கடையில் எல்லோர் கண்ணும் வளையத்துக்கும் மரத்தின் பளபளப்புக்கும்தான் முதலில் போகும். எனக்கும் போகும். ஆனால் மீனைத் தொடுவது பை மட்டும்தான்.

இப்போது நல்ல பைகள் மூன்று வகையில் கிடைக்கின்றன. அச்சில் வார்த்த முழு ரப்பர் பை, பெரும்பாலும் கண்ணாடி மாதிரி வெளிறிய நிறத்தில் வரும். கொக்கி அதில் குத்திக்கொள்வதே அரிது, குத்தினாலும் ஒரு சுண்டுச் சுண்டினால் வந்துவிடும். துடுப்பு கண்ணுக்குள் மாட்டுவதில்லை. குறை, கனம். காலையிலிருந்து சாயங்காலம் வரை முதுகில் தொங்கும்போது அந்தக் கனம் தெரியும், ஓட்டமான தண்ணீரில் முக்கினால் கையை இழுக்கும். அடுத்தது ரப்பர் பூசிய நைலான். பார்க்க நைலான் மாதிரி, தொட்டால் ரப்பர் மாதிரி. கனம் குறைவு, சீக்கிரம் காய்ந்துவிடும். மிகச் சின்னக் கொக்கிகள், இருபதாம் நம்பரைவிடப் பொடிசானவை (நம்பர் கூடக் கூடக் கொக்கி சின்னது), எப்போதாவது பூச்சைத் துளைத்து உள் நூலில் மாட்டும். மூன்றாவது, முடிச்சில்லாமல் நெய்த மெல்லிய துணி வலை. மீனுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கொக்கி மாட்டினால் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும், ஈரம் போக ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஓடைக்கு என்று என்னைக் கேட்டால் இரண்டாவது வகை, ரப்பர் பூசியது. ஒரே இடத்தில் நின்று பிடிக்கிற பெரிய ஆறு என்றால் முழு ரப்பரே வாங்கலாம், அங்கே கனம் அவ்வளவு உறுத்தாது.

எந்தப் பையாக இருந்தாலும் கண் சின்னதாக இருக்கட்டும். என் சுண்டுவிரல் நுழைகிற கண் எனக்குப் பெரிது. எங்கள் மலை ஓடைகளில் ப்ரூக் ட்ரவுட் ஐந்து இன்ச், ஆறு இன்ச்தான் இருக்கும், அதன் தலையே பெரிய கண்ணில் நுழைந்து செவுள் மூடி மாட்டிக்கொள்ளும். செவுளில் அடிபட்ட மீன் பிழைப்பது கஷ்டம்.

அளவு பற்றி நிறைய பேர் தவறு செய்வது, கனவில் வருகிற மீனுக்கு வலை வாங்குவதால். இருபது இன்ச் மீனின் படத்தைப் பார்த்துவிட்டு, படகில் வைத்துக்கொள்கிற அளவு வலையை வாங்கி, அதை முதுகில் மாட்டிக்கொண்டு ஆறடி அகல ஓடையில் புதருக்குள் குனிந்து போவார்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஸ்பிரிங் க்ரீக்கில் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் எட்டு முதல் பதினான்கு இன்ச் வரை, அதாவது ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாண். முழ நீள மீன் வருஷத்தில் ஒன்றோ இரண்டோ. அதற்கு வளையத்தின் உள் நீளம் பதினான்கு, பதினைந்து இன்ச், அகலம் எட்டு, ஒன்பது இன்ச் இருந்தால் தாராளம். வளையத்தைவிடப் பெரிய மீன் வந்தால் என்ன செய்வது என்று தம்பியும் கேட்டான். மீன் வளையத்தின் குறுக்கே விறைப்பாகக் கிடப்பதில்லை, தலை உள்ளே போனதும் உடம்பு வளைந்து பைக்குள் இறங்கிவிடும். என்னுடைய பதினான்கு இன்ச் வளையத்தில் பதினெட்டு இன்ச் பிரவுன் வந்து படுத்திருக்கிறது, வால் மட்டும் வெளியே.

நீளத்தைவிடப் பையின் ஆழம்தான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். ரொம்ப ஆழமான பையில் மீன் சுருண்டு, துணியில் பொதிந்த மாதிரி ஆகிவிடும். கொக்கி எங்கே இருக்கிறது என்று தெரியாது, கையை விட்டுத் துழாவ வேண்டியிருக்கும். ஆழமே இல்லாத பையிலிருந்து ஒரே துள்ளலில் வெளியே போய்விடும். எட்டிலிருந்து பத்து இன்ச் ஆழமும், கூம்பாக இல்லாமல் தட்டையான அடியும் இருந்தால், பைக்குள் ஒரு சின்னத் தொட்டி கிடைத்த மாதிரி. வளையத்தைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் பிடித்தால் மீன் உள்ளே நிமிர்ந்து, தலையை ஓட்டத்தைப் பார்த்துத் திருப்பி, செவுள் அசைய நின்றுகொள்ளும். கொக்கியைக் கழற்றலாம், மூச்சு வாங்க விடலாம், தூக்கவே வேண்டாம்.

ஏன் தூக்க வேண்டாம் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, 1992இல் வந்தது. ரெயின்போ ட்ரவுட்டைக் களைத்துப்போகும் வரை துரத்திவிட்டுப் பார்த்தார்கள். காற்றில் எடுக்காமல் விட்டவற்றில் நூற்றுக்கு 12 செத்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38. ஒரு நிமிஷம் வைத்தவற்றில் 72. ஆய்வுக்கூடத்தில் துரத்துவதும் ஓடையில் இரண்டு நிமிஷம் ராடில் இழுப்பதும் ஒன்று இல்லை, அதனால் இதே எண்ணிக்கை ஓடையிலும் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முப்பது விநாடிக்கும் அறுபது விநாடிக்கும் நடுவே இருக்கிற அந்த வித்தியாசத்தைப் படித்த நாளிலிருந்து, அந்தப் பன்னிரண்டு இன்ச் பிரவுனை நான் எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்தேன் என்பது திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. போட்டோ எடுக்க வேண்டுமென்றால் வலையிலேயே, தண்ணீரிலேயே எடுங்கள். ஈர வலைக்குள் கிடக்கும் மீனின் சிவப்புப் புள்ளிகள் கையில் தூக்கிப் பிடித்த மீனைவிட நன்றாகவே விழும்.

அடுத்து கைப்பிடி. இதை ராடோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும், தனியாக யோசித்தால் தப்பாகிவிடும். மீனைப் பக்கத்தில் கொண்டுவர ராடைப் பின்னால் தூக்கிச் சாய்க்கிறோம், மறு கையில் வலையை நீட்டுகிறோம். ராடு ஏழரை அடி என்றால் மீன் கிட்டத்தட்ட காலடிக்கே வந்துவிடும், ஆறு இன்ச் கைப்பிடி போதும். நிம்ஃப் என்கிற, தண்ணீருக்குள் மூழ்கிப் போகிற போலிப் பூச்சியைப் போடுவதற்கென்று பத்தடி, பதினோரு அடி ராடு வைத்திருப்பவர்களுக்கு மீன் இன்னும் தள்ளித்தான் நிற்கும். அவர்கள் குட்டைக் கைப்பிடி வலையோடு எட்டி எட்டிப் பார்ப்பதையும், ராடின் நுனி ஒடிகிற அளவு வளைவதையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நீளக் கைப்பிடிதான் சரி. அது முதுகில் நன்றாகத் தொங்காது, இடுப்பு பெல்ட்டின் பின்பக்கம் செருகிக்கொள்ளலாம். தம்பியின் ராடு எட்டரை அடி. அவனுக்கு எட்டு இன்ச் கைப்பிடி என்று சொன்னேன்.

மாட்டிக்கொள்கிற விஷயத்தைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. வெஸ்ட்டின் பின்கழுத்துக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும், வலையை அதில் தொங்கவிட வேண்டும். முன்பெல்லாம் இலாஸ்டிக் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். அதை மட்டும் வாங்காதீர்கள். இங்கே மலை ஓடைகளின் இரண்டு கரையிலும் மவுண்டன் லாரலும் ரோடோடெண்ட்ரானும் ஆளுயரத்துக்குப் பின்னிக் கிடக்கும். குனிந்து நுழைந்தால் ஏதாவது ஒரு கிளை வலையின் பையைப் பிடித்துக்கொள்ளும். நமக்குத் தெரியாமல் நான்கு அடி நடந்துவிடுவோம், கயிறும் நீண்டுகொண்டே வரும். கிளை விட்டதும் வலை கவண்கல் மாதிரி வந்து முதுகில் அடிக்கும். எனக்குப் பிடரியில் பட்டு இரண்டு நாள் வீங்கியிருந்தது. இப்போது காந்தக் கொளுவிகள் வந்துவிட்டன. பலமான இரண்டு காந்தம், ஒன்று வெஸ்ட்டில், ஒன்று வலையில். கைப்பிடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கழன்று வரும், திரும்ப முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் தானாகவே டக்கென்று ஒட்டிக்கொள்ளும். ஒரு கை ராடிலும் ஒரு கை வலையிலும் இருக்கிற நேரத்தில் இந்த டக் என்ற சத்தம் தருகிற நிம்மதி பெரிது. ஆனால் காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது, சுருள் கயிறு ஒன்றும் கூடவே இருக்கட்டும். கிளை இழுத்தால் காந்தம் விட்டுவிடும், கயிறு இல்லையென்றால் வலை புதரிலேயே நின்றுவிடும், அரை மைல் போன பிறகு மீன் மாட்டும்போதுதான் கை பின்னால் வெறுமையைத் தடவும்.

தொங்கும்போது வளையம் மேலே, கைப்பிடி கீழே இருக்கிற மாதிரி மாட்டுகிறேன். கை பின்னால் போனவுடன் கைப்பிடிதான் கிடைக்கும்.

சட்டத்துக்கு வருவோம். மரம், அலுமினியம், கார்பன் ஃபைபர். அலுமினியம் மலிவு, ஒடியாது, ஆனால் பாறையில் தட்டினால் மணி அடித்த மாதிரி சத்தம், தெளிந்த மடுவில் நிற்கிற மீன்கள் மிரண்டு ஓட அது போதும். கார்பனில் ஃபிஷ்பாண்ட் நிறுவனத்தின் நோமாட் வரிசையைத்தான் இங்கே ஆற்றங்கரைகளில் அதிகம் பார்க்கிறேன். மிக லேசு, தண்ணீரில் மிதக்கும், பராமரிப்பே இல்லை, விலை நூறு டாலருக்கு மேல். மரச் சட்டம் வால்நட், ஆஷ், மேப்பிள், செர்ரி என்று மெல்லிய பட்டைகளை ஒட்டி வளைத்துச் செய்வது. மிதக்கும், கைக்கு இதமாக இருக்கும், குளிர்காலத்தில் ஜில்லென்று குத்தாது. வருஷத்துக்கு ஒரு முறை லேசாகத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிட்டால் பல வருஷம் வரும். ஜப்பானில் டென்காராக்காரர்கள், அதாவது ரீல் இல்லாத ராடில் ஃப்ளை ஃபிஷிங் செய்கிறவர்கள், வைத்திருக்கிற தமோ என்கிற வட்ட வலை ஒன்று இருக்கிறது. இயற்கையாகவே கவையாகப் பிரிந்த ஒரு கிளையை எடுத்து, இரண்டு கிளைகளையும் வளைத்து வளையமாகச் சேர்த்துவிடுவார்கள், நடுத்தண்டே கைப்பிடி. செயற்கையாக ஒட்டு எதுவும் கண்ணில் படாது. ஒருமுறை ஒருவர் இடுப்பில் பார்த்து, கேட்டு வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தேன். மரம் வளர்ந்த வாக்கிலேயே வலையாகியிருந்தது. மலை ஓடையின் சின்ன மீன்களுக்கென்றே வளர்ந்த கருவி அது.

நான் வைத்திருப்பது மரம். வாங்கிய கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவு செய்யத் தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு கராஜ் சேலில் பழைய மரச் சட்டம் ஒன்று எட்டு டாலருக்குக் கிடைத்தது. பை மக்கி நைந்துபோன பருத்தி, முடிச்சு முடிச்சாக. சட்டம் மட்டும் உறுதியாக இருந்தது, வெளிப்பக்கம் சுற்றிலும் மெல்லிய காடி, காடியில் ஒரு இன்ச்சுக்கு ஒரு துளை. பழைய பையை வெட்டி எடுத்துவிட்டு, நூலை வளையத்தைச் சுற்றி ஓட்டி அளந்தேன், 36 இன்ச். அந்தச் சுற்றளவுக்கு ரப்பர் பூசிய பை தனியாகவே விற்கிறார்கள், இருபது டாலர்போல ஆனது. ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து, தடித்த நைலான் நூலை உள்ளேயிருந்து வெளியே, வெளியேயிருந்து உள்ளே என்று கட்டில் பின்னுகிற மாதிரி கோத்தேன். பையின் விளிம்பில் இருக்கிற கண்களின் எண்ணிக்கையும் சட்டத்தின் துளைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது, அதனால் முதலில் நான்கு திசையிலும் தற்காலிகமாகக் கட்டிவிட்டு, நடுவில் எங்கே இரண்டு கண்ணை ஒரே துளையில் சேர்க்கலாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். நூல் காடிக்குள் படிந்து உட்கார வேண்டும், மேலே நின்றால் பாறையில் உரசி அறுந்துவிடும். இரண்டரை மணி நேரம் ஆனது. கடைசி முடிச்சில் ஒரு சொட்டு பசை. ஏழு வருஷமாக அதே பை, அதே நூல்.

ஆகவே உங்கள் வீட்டில் ஏற்கெனவே முடிச்சு வலை ஒன்று கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். பையை மாற்றுங்கள்.

வலையைப் பிடிக்கிற விதத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், எவ்வளவு நல்ல வலையாக இருந்தாலும் வீசி அள்ளப் பார்த்தால் மீனுக்கு அடிதான் படும். முதலில் வலையைத் தண்ணீரில் நனையுங்கள். ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் பையை முக்கி, அசையாமல் பிடியுங்கள். ராடைத் தூக்கி மீனின் தலையை மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அது வழுக்கிக்கொண்டு வரும், தலை முதலில் வளையத்தைத் தாண்டட்டும், அப்புறம் மெல்லத் தூக்குங்கள். வாலின் பக்கமிருந்து வலையைக் கொண்டுபோனால் மீன் ஒரே உதையில் முன்னால் பாய்ந்துவிடும், டிப்பெட் என்கிற, கொக்கி கட்டிய மெல்லிய நரம்பு அறுந்து, மீன் கொக்கியோடு போகும். வெயில் காலத்தில் தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால், அதாவது 20 டிகிரி செல்சியஸ், நான் வலையையே நனைப்பதில்லை, மூட்டை கட்டிவிடுவேன். அந்தச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், களைத்த மீன் தேறி வராது. ஸ்பிரிங் க்ரீக் ஊற்றுத் தண்ணீர் என்பதால் பல நாள் தாக்குப்பிடிக்கும், எல்லா ஓடையும் அப்படி இல்லை.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. 2013இல் ஸ்பிரிங் க்ரீக்கில் நியூசிலாந்துச் சேற்று நத்தை இருப்பது உறுதியானது. மிளகைவிடச் சின்னது. தண்ணீருக்கு வெளியே ஈரத்தில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், ஒரே ஒரு நத்தை போதும், துணையில்லாமலே பெருகும். ஷூவிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்குப் போய்விடும். பருத்தி வலையின் முடிச்சுக்குள் அது ஒளிந்தால் கண்ணுக்கே தெரியாது, ரப்பர் பையில் ஒளிய இடம் குறைவு. நான் திரும்பி வந்ததும் குழாயடியில் பையை உள்வெளியாகத் திருப்பிக் கழுவுகிறேன். ப்ரூக் ட்ரவுட் இருக்கிற மலை ஓடைக்கு அடுத்ததாகப் போவதாக இருந்தால் ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். ஓடைக்கு ஏற்ற சின்ன வலை என்பதால் அது உள்ளே போகிறது. என் மனைவி முதலில் துருவின தேங்காய்க்குப் பக்கத்தில் ஆற்று வலையா என்று சத்தம் போட்டாள், காரணம் சொன்ன பிறகு அதற்கென்று ஒரு பெரிய ஜிப் பையைத் தனியாக எடுத்து வைத்தாள். இப்போது சில நாள் நான் மறந்தாலும் அவளே எடுத்து வைத்துவிடுகிறாள்.

தம்பி கடைசியில் ரப்பர் பூசிய பையோடு ஒரு மரச் சட்டத்தை ஐம்பது டாலருக்குள் வாங்கினான், காந்தக் கொளுவியும் சுருள் கயிறும் தனியாக. சனிக்கிழமை அவனை ஒரு மலை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், எந்த ஓடை என்று எழுத மாட்டேன், அவ்வளவு சின்ன ஓடை அது. ஹெம்லாக் நிழலில் கார் டயர் அளவே இருந்த ஒரு மடுவில் அவனுடைய ஈயை ஒரு ப்ரூக் ட்ரவுட் எடுத்தது. ஆறு இன்ச் இருக்கும். வலையை முக்கி, அசையாமல் பிடித்திருந்தான், சொன்னது மாதிரியே தலை முதலில் வந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். முதுகில் புழு ஊர்ந்த மாதிரி வரிகள், பக்கத்தில் நீல வட்டத்துக்குள் சிவப்புப் புள்ளி, கீழ்த் துடுப்புகளின் ஓரத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்த மாதிரி வெள்ளை. கொக்கி ஏற்கெனவே கழன்று பையின் அடியில் கிடந்தது. "அண்ணே, தொடவே வேண்டாமா?" என்றான். வேண்டாம், வளையத்தை ஒரு பக்கம் தாழ்த்து என்றேன். தாழ்த்தினான். மீன் கொஞ்ச நேரம் அங்கேயே செவுள் அசைய நின்றது, அப்புறம் விளிம்பைத் தாண்டிப் பாறைக்கு அடியில் போய்விட்டது. அவன் இன்னும் வலையைத் தண்ணீரிலேயே பிடித்தபடி நின்றிருந்தான்.